மூலையில்லாத வீடு

எங்கள் வீட்டில் லீவு நாள் என்றால் ஆளுக்கொரு மூலை. பெரியவள் சோபா ஓரத்தில் காலை மடக்கி, போனோடு சுருண்டுவிடுவாள். சின்னவனுக்குக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. அதற்குள் புகுந்தால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவான். இவருக்கு ஜன்னலோரம். எங்களோடு வந்து இருக்கிற மாதங்களில் என் மாமியாருக்கு (நான் அத்தை என்று கூப்பிடுவேன்) வாசல் கதவை ஒட்டிய நாற்காலி. நான் எந்த மூலையில் இருந்தாலும் காதில் ஹெட்போன் இருக்கும். ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. யாரோ கூட்டத்தில் பேசியது, யாரோ யாரையோ பேட்டி எடுத்தது என்று எட்டு மணி நேரம் அடுத்தவர் பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்தால், வீட்டில் ஒரு "அம்மா" காதில் விழுந்தாலே எரிச்சல் வரும்.

அதனால் கடற்கரைக்கு ஐந்து ராத்திரி போகலாம் என்று முடிவானதும், தங்க இடம் தேடும் பொறுப்பை நானே வாங்கிக்கொண்டேன். என் கணக்கு எளிது. ஐந்து பேர், ஒன்றோடொன்று ஒட்டாத அறைகள். பயன்பாட்டில் இல்லாத கலங்கரை விளக்கம் ஒன்றைக் குடியிருப்பாக மாற்றி வாடகைக்கு விடுகிறார்கள் என்ற விளம்பரம் கண்ணில் பட்டதும் யோசிக்கவே இல்லை, பதிவு செய்துவிட்டேன். டிபன் கேரியர் மாதிரி மாடிக்கு ஓர் அறை. ஒரு தட்டில் இருப்பவருக்கு அடுத்த தட்டில் நடப்பது தெரியாது என்று நம்பினேன்.

விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை இவர் கவனித்தார். "72 படி ஏறணுமாம். அம்மா முட்டிக்கு ஆகுமா?"

காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். தப்புதான்.

கோபுரம் ஒரு பாறை மேட்டின்மேல் நின்றது. வெள்ளை பூசி, உப்புக்காற்றில் அங்கங்கே பொரிந்து போயிருந்தது. கதவைத் திறந்து உள்ளே போகவே நாலு எட்டு வைக்க வேண்டியிருந்தது, கீழ்த்தளத்தில் சுவரின் கனம் அப்படி. மேலே போகப் போகச் சுவர் மெலிகிறது. வீட்டுக்காரர் வைத்திருந்த கோப்பில் இதற்குக் காரணம் போட்டிருந்தார்கள். ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் 1759-இல் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் எடிஸ்டோன் பாறையில் கட்டி முடித்த கோபுரத்துக்கு ஓக் மரத்தின் அடிமரத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டாராம். அடி அகலம், மேலே ஒடுக்கம். கனமெல்லாம் கீழே இருந்தால் அலை அடித்தாலும் அசையாது. அதற்குப் பிறகு வந்த பல கோபுரங்கள் அந்த உருவத்தைத்தான் பின்பற்றின.

கீழ்த்தளம் ஒரு காலத்தில் எண்ணெய்ப் பீப்பாய் வைக்கிற இடம், இப்போது குளியலறை. முதல் மாடி சமையலறை. இரண்டாவது உட்காரும் அறை, ஓரமாக ஒரு குட்டிக் கழிப்பறை. மூன்றாவது பிள்ளைகளுக்கு, நான்காவது எங்களுக்கு. ஐந்தாவது, உச்சி, விளக்கறை. சுற்றிலும் கண்ணாடி.

வட்டமான வீட்டில் குடித்தனம் செய்தால்தான் தெரியும், நாம் வாங்கி வைத்திருக்கிற சாமான் எல்லாமே சதுரம். ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. வைத்தால் பின்னால் பிறைநிலா வடிவில் ஓர் இடைவெளி விழுகிறது. அந்தப் பிறைக்குள் எது விழுந்தாலும் போனதுதான். இரண்டாம் நாள் பெரியவளின் போன் விழுந்தது. கரண்டியைக் கயிற்றில் கட்டித் தூண்டில் போட்டதில் போனுக்கு முன்னால் கிடைத்தவை: ஒற்றைக் காலுறை, சதுரங்கக் காய் ஒன்று (கறுப்புக் குதிரை), யாரோ குழந்தையின் தலைக் கிளிப், ஒரு திருகாணி. எங்களுக்கு முன்னால் வந்தவர்களும் சதுரமானவர்கள்தான் என்று இவர் சொன்னார். குதிரையைக் கழுவி ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

படத்தை மாட்டினால் இரண்டு ஓரமும் சுவரில் பட, நடுப்பக்கம் அந்தரத்தில் நிற்கிறது. கட்டில்களில் ஒன்று சுவரோடு சேர்ந்து வளைந்திருந்தது. கடல் நடுவில் நிற்கும் கோபுரங்களில் காவலர்களுக்கு இப்படி வளைந்த கட்டில்கள்தானாம். ஆங்கிலத்தில் வாழைப்பழக் கட்டில் என்றே அதற்குப் பெயர். பெரியவள் அதில் ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டு, "முதுகு பழம் மாதிரி ஆயிடும்" என்று இறங்கிவிட்டாள். அவளுடைய பெரிய துக்கம் வேறு. ஒரு முழுச் சுற்று சுற்றி வந்து என்னிடம் சொன்னாள்: "அம்மா, இங்க மூலையே இல்ல."

உண்மை. முடங்கிக்கொள்ள மூலை இல்லாத வீட்டில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? நடுவில் வந்து உட்காருகிறார்கள். போதாக்குறைக்கு அந்தக் கனமான சுவரைத் தாண்டி சிக்னல் வரவில்லை. விளக்கறையில் மட்டும் முழுசாகக் கிடைத்தது. என்னுடைய அறை என்று நான் மனசுக்குள் குறித்து வைத்திருந்த உச்சியில் முதல் நாள் சாயங்காலமே மூன்று பேர் போனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தை மட்டும் வரவில்லை. அவர் முதல் மாடி சமையலறைக்கு ஏறியதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தோரு வருஷம் தமிழாசிரியராக இருந்தவர். மூச்சு வாங்கினாலும் வாய் சும்மா இருக்காது.

"ஏணி சாத்திய ஏற்றருஞ் சென்னி" என்றார்.

"என்ன பாட்டி?"

"பெரும்பாணாற்றுப்படை. அந்தக் காலத்துக் கலங்கரை விளக்கத்தைச் சொல்றது. ஏணி வெச்சாக்கூட ஏறக் கஷ்டமான உச்சி. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே யாருக்கோ முட்டி வலிச்சிருக்கு."

அதே பாட்டில் 'ஓடுகலம் கரையும் துறை' என்று வருகிறதாம். சின்னவன் உடனே பிடித்துக்கொண்டான். "கப்பல் தண்ணியில கரைஞ்சிடுமா?" அத்தைக்கு வகுப்பறை திரும்பக் கிடைத்துவிட்டது. காக்கா என்ன செய்யும்? கரையும். கரைதல் என்றால் கூப்பிடுதல். கலம் என்றால் கப்பல். கலத்தைக் கூப்பிடுகிற விளக்கு, கலங்கரை விளக்கம். நான் இத்தனை வருஷமாக அதைக் 'கரை'யில் இருக்கிற விளக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மருமகளாக வந்து பதினேழு வருஷம் கழித்து ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்தது.

அன்று ராத்திரி அத்தை சமையலறையிலேயே படுத்துக்கொண்டார். எனக்குக் குறுகுறுப்பாக இருந்தது. வேறு இடம் பார்க்கலாமா என்று இவரிடம் கேட்டேன். காலையில் அத்தையே ஒரு திட்டம் சொன்னார். நாளுக்கு ஒரு மாடி. குளிக்கவும் கடலுக்கும் ஒரே தடவை இறங்குவார். திரும்பும்போது முந்தின நாளைவிட ஒரு மாடி கூடுதலாக ஏறி, அந்த மாடியிலேயே படுப்பார். ஐந்தாம் நாள் உச்சி.

"முடியலைன்னா?"

"முடியலைன்னா நாலாவதோட நிறுத்திக்கிறேன். யாரு கணக்குக் கேக்கப் போறா?"

மாடிக்கு மாடி கத்திக் கத்தித் தொண்டை போன பிறகுதான் அந்தக் குழாயைக் கண்டுபிடித்தோம். கோபுரத்தின் நட்டநடுவில் மேலிருந்து கீழ்வரை ஓர் இரும்புக் குழாய், ஒவ்வொரு மாடியிலும் அதற்கு ஒரு சின்னக் கதவு. மின்மோட்டார் வருவதற்கு முன்னால் விளக்கின் கண்ணாடிக் கூட்டைச் சுழற்றியது கடிகார இயந்திரம். தாத்தா காலத்துச் சுவர்க்கடிகாரத்தில் குண்டு தொங்குமே, அதே வேலைதான். இங்கே குண்டு பெரிசு. அது குழாய்க்குள் மெல்ல இறங்க இறங்க விளக்கு சுழலும். அடியைத் தொடுவதற்குள் காவலர் சாவி கொடுத்து மேலே ஏற்ற வேண்டும். ராத்திரியில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, தினமும். அந்த வேலையை நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வந்தது.

குண்டு போய்விட்டது, குழாய் இருந்தது. சின்னவன் உச்சியிலிருந்து கயிறு விட்டு ஒரு துணிப்பையைக் கட்டினான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு நிர்வாகம் முழுக்க அந்தப் பையில்தான் நடந்தது. மூக்குக் கண்ணாடி, சார்ஜர், துண்டு, தைலம், "சாப்பாடு ரெடி" என்று ஒரு சீட்டு, "அஞ்சு நிமிஷம்" என்று பதில் சீட்டு.

விளக்கறையில் பழைய லென்ஸ் இல்லை, கழற்றிவிட்டார்கள். அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு திண்ணை போட்டிருந்தார்கள். லென்ஸ் இருந்திருந்தால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அகஸ்டின் ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. 1823-இல் பிரான்ஸின் கோர்துவான் கோபுரத்தில் முதலில் வைத்தார்கள். ஒரே கனமான கண்ணாடிக்குப் பதில் வளையம் வளையமாகப் பட்டகங்களை அடுக்கி, நாலா பக்கமும் சிதறிப் போகிற வெளிச்சத்தை ஒரே திசைக்குத் திருப்புகிற வித்தை. டன் கணக்கில் கனக்கிற அந்தக் கூட்டைப் பிற்காலத்தில் பாதரசத் தொட்டியில் மிதக்க விட்டார்களாம், விரலால் தள்ளினால் சுற்றும். நான் அதிசயப்பட்டுக்கொண்டிருக்க, அத்தை கீழிருந்து சீட்டு அனுப்பினார்: "பாதரசம் விஷம். பிள்ளைகள் எதையும் தொட வேண்டாம்." எல்லாவற்றையும் எப்போதோ சுத்தம் செய்துவிட்டார்கள் என்று கோப்பிலிருந்து படித்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

இப்போது கப்பல்களுக்கு வழிகாட்டுவது பக்கத்தில் நட்டிருக்கிற இரும்புக் கம்பத்தின் எல்.இ.டி. விளக்கு. பத்து விநாடிக்கு இரண்டு மின்னல். ஒவ்வொரு விளக்குக்கும் இப்படி ஒரு தாளம் உண்டு. கப்பலில் இருப்பவர் எண்ணிப் பார்த்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, இது எந்த இடம் என்று தெரிந்துகொள்வார். கப்பல்காரருக்கு நல்லது. எங்கள் அறை ஜன்னலுக்குத் திரை கிடையாது. மின்னல், மின்னல், இருட்டு. மின்னல், மின்னல், இருட்டு. மூன்றாம் நாள் அந்தத் தாளம் இல்லாமல் தூக்கம் வராது என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

கடலைப் பற்றிச் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். பாறையிலிருந்து மணலுக்கு இறங்கக் கல்படிகள். தண்ணீர் வற்றியிருக்கிற நேரத்தில் படிகளுக்குக் கீழே நல்ல அகலமான மணல் இருக்கும், பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் நண்டும் குட்டி மீனும் இருக்கும். ஆறு மணி நேரம் கழித்துப் போனால் மணலே இருக்காது. கடல் ஏறி நிற்கிற ஓர் ஓதத்துக்கும் அடுத்த ஓதத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிஷம். அதனால் எல்லாமே நாளுக்கு ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை பத்து மணிக்கு வற்றிய கடல் ஐந்தாம் நாள் ஒன்று இருபதுக்கு வற்றியது. எங்கள் சாப்பாட்டு நேரமும் அதோடு சேர்ந்து நகர்ந்தது. எந்தப் பள்ளிக்கூட மணிக்கும் அடங்காத என் மகன், சுவரில் ஒட்டியிருந்த ஓத அட்டவணைக்கு அடங்கினான்.

பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் வரும்போது ஓதம் பெரிசாகும். தினமும் கடல் முந்தின நாளைவிட ஒரு கல்படி மேலே வந்தது. "நானும் அதுவும் போட்டி" என்றார் அத்தை. அன்று அவர் இரண்டாவது மாடி.

ஒரு விஷயத்தில் மட்டும் இவர் கறாராக இருந்தார். அலை உடைகிற வரிசைக்கு நடுவில் ஓர் இடம் மட்டும் சமர்த்தாக, அலையே இல்லாமல் இருந்தது. சின்னவன் அங்கேதான் குளிப்பேன் என்று நின்றான். பார்க்க அமைதியாக இருக்கிற அந்த இடம்தான் ஆபத்து. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் வேகமாகக் கடலுக்குத் திரும்புகிறது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தி மல்லுக்கட்டக் கூடாது. பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு வெளியே வந்து, அப்புறம்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். இவர் ஒரு மரக்கட்டையை அங்கே எறிந்து காட்டினார். அது நேராகக் கடலுக்குள் நடந்து போனது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

துவைத்த துணி காயாதது எனக்குத்தான் தலைவலி. காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, வெயில் இருக்கிறது, துணி மட்டும் பிசுபிசுப்பு. துணியில் படிந்த உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்று பெரியவள் வேதியியல் பாடம் எடுத்தாள். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிப் போட்டதும் காய்ந்தது. பதினைந்து வயசுப் பெண் எனக்குத் துணி துவைக்கச் சொல்லித் தருவாள் என்று நான் நினைத்ததில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி அத்தை பிள்ளைகள் அறையில். கீழே வந்த சின்னவனின் முகத்தில் மறுநாள் முழுக்க ஒரு கள்ளச்சிரிப்பு. என்னடா என்றால், "ஒண்ணுமில்லையே." அத்தையைப் பார்த்தால் அவரும் கடலைப் பார்க்கிறார்.

நான்காம் நாள் ராத்திரி எங்கள் அறையில் அந்த வளைந்த கட்டில் அத்தைக்கு. எங்கள் கட்டில் அறையின் மறுபக்கம், தலைமாடு சுவரை ஒட்டி. நடுவில் குழாய், அதைச் சுற்றிப் படிக்கட்டு. ஆள் தெரியாது. வெளியே கடல் இரைச்சல். அத்தையின் மூச்சு சீரானதும் இவர் பக்கம் சாய்ந்து, ஜாக்கிரதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி, கிசுகிசுத்தேன்.

"வீட்டை விக்கிற பேச்சை எப்ப எடுக்கப் போறீங்க?"

இந்தப் பயணத்துக்கு அப்படி ஒரு காரணமும் இருந்தது. அத்தை தனியாக இருக்கிற வீட்டை விற்றுவிட்டு, அவரை எங்களோடு நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று இவருக்கு யோசனை. நல்ல மனநிலையில் இருக்கும்போது மெதுவாகச் சொல்லலாம் என்று காத்திருந்தோம்.

"நீ எடு. நீ சொன்னா அம்மா கேப்பாங்க."

"உங்க அம்மா. நீங்கதான் சொல்லணும். அப்புறம் இன்னொண்ணு..." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவங்க எப்பவும் வீட்லயே இருந்தா எனக்கு மூச்சு முட்டும்ங்க. கெட்டவளா நினைச்சுக்காதீங்க."

மின்னல், மின்னல், இருட்டு. இவர் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நானும் இவரும் சமையலறையில் இருந்தோம். குழாயில் சரசரவென்று பை இறங்கியது. உள்ளே ஒரு சீட்டு. கரும்பலகையில் எழுதிப் பழகிய, ஒரு புள்ளிகூடப் பிசகாத கையெழுத்து.

"வீட்டை விற்பதாக இல்லை. கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டுவிட்டு நான் மாடிக்குப் போகிறேன். பதினெட்டுப் படிதான். யாருக்கும் மூச்சு முட்டாது. பி.கு.: என் கண்ணாடி அங்கே இருந்தால் அனுப்பவும்."

இவர் என்னைப் பார்த்தார், நான் அடுப்பைப் பார்த்தேன். வழவழப்பாகப் பூசிய வளைந்த சுவரை ஒட்டிக் கிசுகிசுத்தால் சத்தம் சுவரோடு சேர்ந்தே சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் கேட்கும் என்பதைச் சின்னவன் அப்போதுதான் சாவகாசமாகச் சொன்னான். பிஜப்பூர் கோல் கும்பாஸில் நடக்கிற அதே சங்கதி. லார்டு ராலே என்ற இயற்பியலாளர் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்தை வைத்து இதை விளக்கியிருக்கிறார். முந்தாநாள் ராத்திரி பாட்டியும் பேரனும் ஆளுக்கொரு பக்கம் சுவரில் காதை வைத்துக்கொண்டு நடுராத்திரிவரை கதை பேசியிருக்கிறார்கள். அடுத்தவர் பேச்சைக் கேட்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்கு, என் பேச்சு எங்கே போகிறது என்று தெரியவில்லை.

கண்ணாடியைப் பையில் அனுப்பாமல் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். 30 படி, முதல் தடவையாக ஒவ்வொன்றையும் எண்ணினேன். அத்தை மூன்றாவது மாடியில் பெரியவளின் கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார்.

"அத்தை..."

"கொடு." கண்ணாடியை வாங்கிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். உப்பு போகவில்லை, திரும்பத் துடைத்தார். "மூச்சு முட்டுதுன்னு சொல்றதுல என்ன இருக்கு? எனக்கும்தான் உங்க வீட்ல முட்டும். அந்தக் கதவோரத்து நாற்காலி ஏன்னு நினைச்சே?"

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போது எழுதும்போதும் தெளிவாகத் தெரியவில்லை. "மாடியில தனியா..." என்று ஆரம்பித்தேன். "அதைப் பத்தி என் பிள்ளை எங்கிட்ட வந்து பேசட்டும். சுவத்துக்கிட்ட வேண்டாம்" என்றார். பேசினார்கள். இரண்டாவது மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம். வெளியே வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் வெற்றி பெற்ற களை இல்லை. வாடகைக்கு விடுவது முடிவாகிவிட்டது. மாடிப்படிக்குக் கைப்பிடி போட வேண்டும் என்பதுவரை பேச்சு வந்திருக்கிறது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. மேலே குழாய்க்கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் சின்னவன் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தான். உயரமாக நின்றால் தொடுவானம் தள்ளிப் போகும். கண் மட்டம் எத்தனை மீட்டரோ அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். மணலில் நிற்கும் எனக்கு நாலரை கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் இருக்கிற விளக்கறைக்குப் பத்தொன்பதரை. அப்படியென்றால் கீழே இருப்பவருக்குச் சூரியன் மறைந்த பிறகும் மேலே இருப்பவருக்குக் கொஞ்ச நேரம் தெரிய வேண்டும். எவ்வளவு நேரம்? கீழே நான்கு பேர், மேலே ஒருவர்.

மேலே யார் என்பதில் சண்டை வரவில்லை. அத்தை மதியமே ஏற ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு மாடியிலும் கால்மணி நேரம் உட்கார்ந்து, கடைசிப் பதினைந்து படிக்கு ஒருமுறை 'ஏற்றருஞ் சென்னி' சொல்லி, மூன்றரை மணிக்கு உச்சியில் இருந்தார்.

நாங்கள் கல்படியில் நின்றோம். கடல் ஏறிக்கொண்டிருந்தது, பாதம் நனைந்தது. பெரியவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். சூரியன் தண்ணீரைத் தொட்டு, தட்டையாகி, ஒரு கீற்றாகி, போயே போய்விட்டது.

"போச்சு!" என்று கத்திவிட்டு சின்னவன் ஸ்டாப்வாட்சை அழுத்தினான். "பாட்டி, உங்களுக்கு?"

"இருக்கு."

நாங்கள் சாம்பல் நிறக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பாட்டி?"

"இன்னும் இருக்குடா."

திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தேன். எங்கள் மேலெல்லாம் நிழல். உச்சியிலிருந்த கண்ணாடி மட்டும் செம்பு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஆள் தெரியவில்லை.

"இரு... இரு... ம், இப்ப போச்சு. இந்தப் பக்கம் நிலா வந்தாச்சு."

29 விநாடி. சின்னவன் அதைக் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டான்.

சரி, இனி மெதுவாக இறக்கிக் கூட்டி வரலாம் என்று இவர் மேலே போனார். வரமாட்டேன் என்றுவிட்டாராம். இறங்குவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், அந்த வட்டத் திண்ணையிலேயே படுத்துக்கொள்கிறேன், தலையணை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். மாடி ஏறி எடுத்துப் போகலாம் என்று நான் சொல்வதற்குள் சின்னவன் தலையணையைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்துவிட்டான். மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் அது சிக்கிக்கொண்டது. மேலிருந்து இவர் கயிற்றை இழுக்க, கீழிருந்து நாங்கள் துடைப்பக் கட்டையால் குத்த, உச்சியிலிருந்து அத்தை குழாய்க்குள் குனிந்து, "வருதா? வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.